சின்ன லென்ஸும் பெரிய கேமராவும் ஒரு தாய்மாமனும்

உங்கள் அப்பா ஒரு மடையன் என்று ஒருத்தருக்கு நிரூபிப்பதற்காக நான் கள்ளக்குறிச்சியிலிருந்து களமருதூர் வரைக்கும் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். நம்ம வீட்டில் அதை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் அம்மா கல்யாணமான புதுசிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் வெளியில் ஒருத்தரும் நம்பவில்லை. நான் பெரிய கெட்டிக்காரன் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதுதான் வம்பாகப் போயிற்று.

பெரியவர்களுக்கு எழுதினால் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் நீங்கள் சிரித்தால் எனக்குப் பரவாயில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கேமரா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள்ளே, படம் வந்து விழுகிற இடத்தில், ஒரு சில்லு இருக்கும். சென்சார் என்பார்கள். ரொம்ப வருஷமாக என்னிடம் இருந்த கேமராவில் அந்தச் சில்லு சின்னது. அதற்கு கிராப் என்று பெயர். பெரிய சில்லு இருக்கிற கேமராவுக்கு ஃபுல் ஃப்ரேம் என்று பெயர். நம்ம ஊரில் நாலு போட்டோக்காரர்கள் டீக்கடையில் ஒன்றாக நின்றால், டீ ஆறுவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். "இன்னா, இன்னும் கிராப்லயே ஓட்டிக்கினு இருக்கீங்களா?" என்று ஒருத்தர் கேட்பார். மீசை முளைத்த ஆளைப் பார்த்து, இன்னும் உனக்கு அம்மாதான் ஊட்டி விடுகிறாளா என்று கேட்கிற மாதிரி இருக்கும். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். வழியெல்லாம் அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் விழுப்புரத்தில் ஒரு போட்டோக்காரர் தொழிலை விட்டுவிட்டு வெளிநாடு போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய ஃபுல் ஃப்ரேம் கேமராவை நான் வாங்கிக்கொண்டேன். வெறும் உடம்பு மட்டும்தான். லென்ஸை வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. என்னிடம்தான் பழைய லென்ஸ் இருக்கிறதே, மாட்டினேன், சரியாக உட்கார்ந்தது. டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாட்டினால் போதும் என்று நினைத்தேன். உங்கள் செருப்பில் என் கால் நுழையாது, அதனால் அது எனக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் சட்டையில் உங்கள் கை நுழையும், அதுக்காக அது உங்களுக்கு அளவாகிவிடுமா? அந்த யோசனை அன்றைக்கு வரவில்லை.

அந்த லென்ஸ் சின்னச் சில்லுக்காகச் செய்த லென்ஸ். லென்ஸ் வழியாக வெளிச்சம் வட்டமாகத்தான் உள்ளே விழும். சின்னச் சில்லு அந்த வட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும். பெரிய சில்லுக்கு அந்த வட்டம் பத்தாது. ஒரு சின்னக் குடையில் மூணு பேர் போனால் நடுவில் இருக்கிறவன் நனையமாட்டான், இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் தொப்பலாக நனைவார்கள் இல்லையா, அப்படித்தான். இங்கே ஓரத்தில் தண்ணீருக்குப் பதிலாக இருட்டு.

இந்தக் கேமராவைச் செய்தவர்களுக்கு என்னை மாதிரி ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று முன்னாடியே தெரிந்திருக்கிறது. அதனால் அதற்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். சின்ன லென்ஸை மாட்டினால், கேமரா தானாகவே அதைக் கண்டுபிடித்து, நடுவில் இருக்கிற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஓரத்தை விட்டுவிடும். படம் கொஞ்சம் சின்னதாக வரும், ஆனால் சுத்தமாக வரும். கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரத்தில் நடுவே ஒரு கட்டம் தெரியும். இதுக்குள்ளதான் படம், வெளியில் இருக்கிறதை நம்பாதே என்று அர்த்தம்.

எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. தலைவாழை இலையைப் போட்டுவிட்டு, நடுவில் ஒரு கரண்டி சோறு வைத்து, இதுக்குள்ளயே சாப்பிடு என்று சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? முழுசு வாங்கியவன் பாதியை எதற்கு எடுக்க வேண்டும்? மெனுவுக்குள் போய்த் தேடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி, அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டேன். கட்டம் போய்விட்டது. கேமராவுக்கு இருந்த புத்தியை நான் நிறுத்திவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, கேமராவுக்கு நான் புத்தி சொன்னதாக நினைத்தேன்.

சோதித்தும் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். அடுப்படியில் உங்கள் அம்மாவை நிற்க வைத்து, லென்ஸைப் பாதி தூரம், ஆள் கொஞ்சம் கிட்டே தெரிகிற அளவுக்கு, திருகி எடுத்தேன். நன்றாக வந்தது. அந்த அளவில் வட்டம் கொஞ்சம் பெரிசாக விழும் என்பதால் ஓரத்தில் லேசான மங்கல்தான் இருந்தது. "இன்னா, செவுரு அழுக்கா இருக்கு?" என்று உங்கள் அம்மா கேட்டாள். அழுக்கு இல்லை, அதுதான் ஃபுல் ஃப்ரேமோட அழகு என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பருப்பைக் கிளறப் போய்விட்டாள்.

நிறைய இடம் அடங்குகிற மாதிரி லென்ஸை முழுக்க அகலமாகத் திருகினால்தான் கறுப்பு வட்டம் நன்றாக வரும். அதையும் நான் துவாரத்தில் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் மூக்குக் கண்ணாடி போட்டவன். கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் அந்தத் துவாரத்தில் ஒட்டாது, ஓரமெல்லாம் எப்போதுமே கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும். அதனால் அது கண்ணாடியோட கோளாறு என்று நினைத்தேன். கண்ணாடிக் கடைக்குப் போகணும் என்றுகூட உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

இந்த நிலைமையில்தான் மணலூர்பேட்டை காதுகுத்து வந்தது.

அந்த வீட்டு மருமகளை நான் தங்கச்சி என்றுதான் சொல்வேன், அவளுடைய கல்யாணப் படம் நான் எடுத்தது. இப்போது அவளுடைய குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தப் போகிறார்கள். அவர்களுடைய குலசாமி கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தாண்டை இருக்கிறது. தங்கச்சியே நம்ம ஸ்டுடியோவுக்கு வந்து சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நல்ல காரியத்துக்கு இன்னாம்மா அழுகை என்று கேட்டேன். அப்போதுதான் அவளுடைய அண்ணன் விஷயம் தெரிந்தது.

அண்ணன் களமருதூரில் விவசாயம் பார்க்கிறவர். கூடப்பிறந்தது அவர் ஒருத்தர்தான். அப்பா இல்லாத பெண்ணை அவர்தான் கட்டிக்கொடுத்தார். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி வீட்டில் புதுமனை புகுவிழா வைத்தபோது, பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப் போய்விட்டது. சித்தப்பா பெயர் இருக்கிறது, பெரியப்பா மருமகன் பெயர்கூட இருக்கிறது, அண்ணன் பெயர் இல்லை. பத்திரிகை அடித்த பிரஸ்காரன் தப்பு என்று சொன்னார்கள். அண்ணன் நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வேணும் என்றே விட்டிருக்கிறார்கள், தங்கச்சியும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அன்றையிலிருந்து போக்குவரத்து இல்லை. தங்கச்சி போன் பண்ணினால் அண்ணிதான் எடுப்பாள்.

ஆனால் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பணம் இருந்தால் பந்தல் போடலாம், பந்தி போடலாம், மடிக்கு எங்கே போவது? தங்கச்சி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு குழந்தையோடு களமருதூர் போய் வாசலில் நின்றிருக்கிறாள். அண்ணன் குழந்தையைப் பார்த்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதை எனக்குச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை. "அண்ணே, எங்கண்ணன் மடியில பாப்பா ஒக்காந்திருக்கறது நல்லா வரணும். அப்பறம் எல்லாரும் ஒண்ணா நிக்கற ஒரு படம். அது பெரிசா போட்டு மாட்டணும்" என்றாள். என்கிட்ட இப்போ ஃபுல் ஃப்ரேம் இருக்கும்மா, கவலைப்படாதே என்றேன்.

மணலூர்பேட்டையிலிருந்து வேன் வந்தது. நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். அண்ணனும் அண்ணியும் அங்கேதான் ஏறினார்கள். கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வேட்டி சட்டை எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. ஊர்க்காரர்கள் பேசினார்கள், அவர் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணி பச்சை நிறத்தில் புதுப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

மலைப்பாதை வளைவு ஏற ஏற எனக்கு வாய் ஓடியது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருத்தர், இன்னா கேமரா பெரிசா இருக்குது என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. வெள்ளிமலை வரைக்கும் நான் நிறுத்தவில்லை. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இது கம்மிப் பேரிடம்தான் இருக்கிறது என்றேன். எறும்பை எடுத்தால் எறும்பின் மீசை தெரியும் என்றேன். பக்கத்து சீட்டில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அதற்கு வளைவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெள்ளிமலையில் வேனை நிறுத்திவிட்டு ஜீப்பில் கோயிலுக்குப் போனோம். சாமைக் கொல்லைக்கு நடுவே சின்னக் கோயில். மொட்டை ஆயிற்று. பத்தர் ஊசியை எடுத்தார். அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினார். குழந்தை அழுதது, அவர் அதன் மொட்டைத் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டார், தங்கச்சி எதிரில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இதையெல்லாம் நான் கிட்டே நின்று, லென்ஸைப் பாதி திருகி எடுத்தேன். எல்லாம் அருமையாக வந்தது. அதனால் எனக்குத் தைரியம் ஜாஸ்தியாகிவிட்டது.

அப்புறம் மொத்தப் படம். கோயிலுக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தேன். நம்ம ஆட்களைப் படத்துக்கு நிற்க வைத்தால் ஒரு கணக்கு உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. உரிமை இருக்கிறவர்கள் நடுவில் வந்து நிற்பார்கள். கூப்பிட்டால் வருகிறவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில். கூப்பிட்டும் கூச்சப்படுகிறவர்கள், மனசு இன்னும் ஆறாதவர்கள், ஓரத்தில் நிற்பார்கள். அண்ணனும் அண்ணியும் வலது பக்கக் கோடியில் நின்றார்கள். நடுவில் வாண்ணா என்று தங்கச்சி கூப்பிட்டாள். இங்கயே இருக்கட்டும் என்றார். இடது பக்கக் கோடியில் ஆள் யாரும் இல்லை, ஒரு வேப்பமரமும் ஜீப்பின் மூஞ்சியும்தான்.

ஆட்கள் ஜாஸ்தி. பின்னால் போகலாம் என்றால் எனக்குப் பின்னால் சரிவு. அதனால் லென்ஸை அகலமாக, எவ்வளவு போகுமோ அவ்வளவு திருகினேன். ஓரம் இருட்டாகத் தெரிந்தது. சனியன் பிடித்த மூக்குக் கண்ணாடி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு அமுக்கினேன். அமுக்கினதும் பின்பக்கத் திரையில் பார்த்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. குழந்தை கண்ணைத் திறந்திருக்கிறதா என்று நடுவை மட்டும் பெரிசாக்கிப் பார்த்தேன். திறந்திருந்தது. "சூப்பர்" என்று கத்தினேன். வரிசை கலைந்துவிட்டது.

இறங்கி வரும்போது மாப்பிள்ளை, ஸ்டேட்டஸ் வைக்கணும், இப்பவே அனுப்புங்க என்றார். வேனிலேயே கார்டை ரீடரில் போட்டுப் போனில் செருகி, பார்த்தும் பார்க்காமலும் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். மலை அடிவாரத்தில் சிக்னல் வந்தது. குடும்ப குரூப்பில் படம் போய்ச் சேர்ந்தது. அதை இன்னும் திறந்து பார்க்காத அண்ணனும் அண்ணியும் கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது சிரித்த முகமாகத்தான் இறங்கினார்கள். அண்ணன் வேன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தங்கச்சி போன் பண்ணினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னாண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க" என்று ஒரே வார்த்தைதான், அப்புறம் வைத்துவிட்டாள். ஓடிப் போய்க் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுப் பார்த்தேன்.

குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. நடுவில் எல்லாரும் பளிச்சென்று இருக்கிறார்கள். குழந்தையின் கண்ணிமை மயிர்கூடத் தெரிகிறது. இடது பக்கம் ஜீப்பைக் காணோம். வலது பக்கம் மை பூசின மாதிரி கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வேட்டியின் முனையும் ஒரு கையும் மட்டும் வெளியில் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன், அண்ணி, அந்தப் பச்சைப் பட்டு, எல்லாம் உள்ளே போய்விட்டன. அத்தனை பேரில் அவர்கள் இரண்டு பேர்தான்.

அண்ணன் குரூப்பிலிருந்து விலகிவிட்டார். தங்கச்சி போன் பண்ணினால் எடுக்கவில்லை. அண்ணி மட்டும் ஒரு தடவை எடுத்து, அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னாளாம்: பேர அடிச்சாங்க, இப்ப மூஞ்சிய அடிச்சுட்டாங்க, இனிமே அடிக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மடிக்காகத்தான் கூப்பிட்டார்கள், வேலை ஆனதும் அழித்துவிட்டார்கள் என்று அவர் முடிவு பண்ணிவிட்டார். போட்டோக்காரர் தப்பு என்று மாப்பிள்ளை சொல்லியனுப்பியதுதான் இன்னும் கெடுத்துவிட்டது. போன தடவையும் இதைத்தானே சொன்னார்கள்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "செவுரு அழுக்குன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள். அப்புறம், "இங்க ஒக்காந்துகினு இன்னா பண்றீங்க? அந்தக் கருமத்தயும் எடுத்துக்கினு நேராப் போயி அவருகிட்ட காட்டுங்க" என்றாள். அப்படித்தான் நான் மறுநாள் காலையில் களமருதூர் பஸ் ஏறினேன்.

அண்ணன் வீட்டில்தான் இருந்தார். நெல் காய வைத்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், நாற்காலி போட்டார், மோர் வந்தது. கோபமாக இருக்கிற வீட்டில் திட்டு வந்தால் தாங்கிக்கொள்ளலாம். மோர் வந்தால் பயமாக இருக்கும்.

"அண்ணே, தப்பு என்னுது. அவங்க யாரும் ஒண்ணும் பண்ணல" என்று ஆரம்பித்தேன்.

அவர் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு பிரஸ்காரன் தப்பு. இன்னைக்கு போட்டோக்காரன் தப்பு. அந்த வூட்டுல மட்டும் ஒருத்தரும் தப்பே பண்றதில்ல, இல்லீங்களா?"

நான் லென்ஸைப் பற்றிச் சொன்னேன். வட்டம், சில்லு, கட்டம், எல்லாம் சொன்னேன். குடையைக்கூடச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, நீங்க நல்ல மனுசருங்க, அவங்களுக்காக இவ்ளோ தூரம் வந்து பழிய ஏத்துக்கறீங்க என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இல்லண்ணே, நிஜமாவே நான்தான் மடையன் என்றேன். அதெல்லாம் சொல்லாதீங்க என்று மரியாதையாக மறுத்தார்.

"வேன்ல நீங்க பேசினத நானும் கேட்டுக்கினுதான் வந்தேன்" என்றார். "எறும்பு மீச தெரியும்னீங்க. எறும்பு மீச தெரியற கேமராவுல எம்மூஞ்சி தெரியலையா?"

கேமராவை எடுத்தேன். அதே லென்ஸை மாட்டி, அகலமாகத் திருகி, அவருடைய எருமையை ஓரத்தில் வைத்து எடுத்துக் காட்டினேன். எருமை பாதிக்கு மேல் இருட்டில் போய்விட்டது. எருமை கறுப்புதானேங்க என்றார். சரி என்று நெல்லை எடுத்தேன். நெல்லும் ஓரத்தில் கறுப்பாக வந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். அதுக்குன்னு ஒரு பொத்தான் வச்சிருப்பீங்க, வேணும்ங்கறப்ப அமுக்குவீங்க என்றார். நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று அவர் வைத்திருந்த நம்பிக்கையை என்னால் அசைக்கவே முடியவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் என்னை இவ்வளவு உயரத்தில் வைத்த ஆள் வேறு யாரும் இல்லை.

கடைசியில் கேமராவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். நீங்களே என்னை எடுங்கண்ணே, நான் ஓரத்தில் நிற்கிறேன், இதோ இதை மட்டும் அமுக்குங்க என்று சொல்லிவிட்டு, நெல்லுக்கு அந்தப் பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் துவாரத்தில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை உடனே எடுத்தார். துண்டால் துவாரத்தைத் துடைத்தார். மறுபடி வைத்தார்.

"இன்னாங்க இது, சுத்திக் கறுப்பா வட்டமா தெரியுது?"

"அதாண்ணே நான் சொன்னது."

"இது எடுக்கறதுக்கு முன்னாடியே தெரியுதே. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுண்ணே. கண்ணாடியோட கோளாறுன்னு நெனச்சேன்."

அவர் கேமராவைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். என் முகத்தை, அதில் இருந்த மூக்குக் கண்ணாடியை, ரொம்ப நிதானமாகப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவருக்கு என் மேல் சந்தேகம் வந்தது. நான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த சந்தேகம் அது. பொத்தானை அமுக்கினார். திரையைக் கையால் மறைத்துப் பார்த்தார். உள்ளே பார்த்து அண்ணியைக் கூப்பிட்டார்.

அண்ணி வந்து பார்த்தாள். படத்தில் நான் இல்லை. ஒரு முழங்கையும் ஒரு செருப்பும்தான் இருந்தன. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "இவரு கண்ணாடிக்கு எம்புதுப் பொடவ போச்சா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி இருந்தார். அந்தத் தானாகச் சரி செய்துகொள்கிற ஏற்பாடு இருக்கிறதே, அதை நான்தான் அணைத்து வைத்தேன் என்பதையும் அப்போது சொல்லிவிட்டேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அதுவே பாத்து சரியா எடுத்திருக்குமா?"

"எடுத்திருக்கும்ண்ணே."

"நீங்க அத நிறுத்திட்டீங்க."

"ஆமாண்ணே. முழுசு இருக்கறப்ப பாதி எதுக்குன்னு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்து, மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். "அப்போ அந்த பிரஸ்காரனும் இவர மாதிரி ஒருத்தனா இருந்திருப்பானோ?"

அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் அவசரமாக, இருப்பாங்கண்ணே, நிறையப் பேரு இருக்கோம் என்றேன். வாழ்க்கையில் நான் நேர்மையாகச் சொன்ன வார்த்தைகளில் அது ஒன்று.

அவர் எழுந்து போனை எடுத்தார். நம்பரைத் தேடவில்லை, விரல் தானாகப் போயிற்று. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை.

"அண்ணா."

"ம். நான்தான்" என்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "போட்டோக்காரரு வந்திருக்காரு" என்றார். "அவரு சொன்னது நெசந்தான். நானே எடுத்துப் பாத்தேன். அவரயே காணோம் படத்துல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அந்த ஆளு அங்கதான் இருக்காரா? போனக் குடு" என்றாள்.

நான் வாங்கினேன். பிள்ளைங்களா, அந்தத் திட்டை நான் இங்கே எழுதமாட்டேன். மணலூர்பேட்டை ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். மறுபடியும் எல்லாரையும் மலைக்குக் கூட்டிப் போய் இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்று நடுவில் சொல்லிப் பார்த்தேன். நீங்க எடுக்கவே வாணாம், எம் புருசன் போன்லயே எடுத்துக்கறோம் என்றாள். எனக்கு அது சுடவில்லை. முந்தின நாள் அவளுக்குத் திட்டக்கூட மனசு வரவில்லை. இன்றைக்கு வந்துவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

"வுடும்மா" என்று அண்ணன் குனிந்து போனில் சொன்னார். "பாவம், மோரு கூட குடிக்காம நிக்கறாரு."

"நீ அவருக்குப் பரிஞ்சு பேசாத. ஒரு போன் எடுக்கறதுக்கு உனக்கு இன்னா வந்துச்சு? பாப்பா காது வீங்கிப் போச்சு, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம நான் கெடக்கறேன்."

"வீங்கிருக்கா? மஞ்சள் வச்சியா? எண்ணெய் வச்சியா? அன்னைக்கே சொன்னேன் அந்தக் கம்மல் கனம்னு."

"எங்க சொன்ன? நீ யார்கிட்டயாவது பேசினியா அன்னைக்கு?"

அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பேசியபடியே வரப்பு பக்கம் நடந்தார். அண்ணி என் கேமராவை நாற்காலியிலிருந்து எடுத்து உள்ளே பத்திரமாக வைத்தாள். வெயில் ஏறிவிட்டது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். அவரும் வரட்டுமே என்றேன். அவள் வரப்பைப் பார்த்தாள். அவர் ஒரு கையை வீசி வீசி எதையோ மறுத்துக்கொண்டிருந்தார்.

"அது இப்ப முடியாதுங்க. நீங்க ஒக்காருங்க" என்று சொல்லி, இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.